ஜிடிஏ 5: டர்பன் வீட்டில் முதல் பத்து மணி நேரம்

கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5 (ஜிடிஏ 5) என்ற வீடியோ கேம் முதலில் வெளிவந்தது 2013 செப்டம்பர் 17. அன்று பிளேஸ்டேஷன் 3 (பிஎஸ்3), எக்ஸ்பாக்ஸ் 360 என்ற இரண்டு கன்சோல்களில் மட்டும். 2014 நவம்பரில் பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன். 2015 ஏப்ரலில் கம்ப்யூட்டர். 2022 மார்ச்சில் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ். இத்தனை வருஷம் கழித்தும் நம் டர்பனின் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இன்றைக்குத்தான் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இந்தக் குறிப்புகள். உடனே செய்ய வேண்டியதை விளையாட்டு மேப்பில் எழுத்துப் போட்டுக் காட்டிவிடும். எதைத் தள்ளிப்போட வேண்டும், எதைக் கெடுத்தால் திருத்த முடியாது என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லாது. அது போதாதென்று நம் ஊர் கரண்ட் வேறு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முதல் பத்து மணி நேரம் உருப்படியாகப் போகும். கதையில் கொஞ்சம் முன்கூட்டியே தெரிந்துவிடும், முடிவு தெரியாது.

எந்தப் பதிப்பு

பழைய சாமான் கடைகளில் பிஎஸ்3 டிஸ்க் மலிவாகக் கிடைக்கும். கதையை மட்டும் விளையாட அது போதும். ஆனால் அதில் ஆளின் கண் வழியாகவே பார்க்கும் முதல்நபர் பார்வை கிடையாது. பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்குமான ஆன்லைன் 2021 டிசம்பர் 16 அன்று மூடப்பட்டது. அதில் எழுதிய சேவ் கோப்பைப் பிறகு பிஎஸ்5க்குக் கொண்டுபோகவும் முடியாது. பிஎஸ்4இல் தொடங்கினால் கதையின் சேவ் கோப்பை பிஎஸ்5க்கு ஏற்றி மாற்றிக்கொள்ளலாம். எனவே பிஎஸ்5 வாங்கும் எண்ணம் இருந்தால் குறைந்தது பிஎஸ்4இல் தொடங்குங்கள்.

கம்ப்யூட்டரில் இப்போது இரண்டு பதிப்பு உண்டு: பழைய லெகசி, 2025 மார்ச்சில் வந்த என்ஹான்ஸ்டு. பழையதை வாங்கியவர்களுக்குப் புதியது இலவசம். கிராஃபிக்ஸ் கார்டு ஐந்தாறு வருஷப் பழசு, ஹார்ட் டிஸ்க் சுழல்கிற வகை என்றால் லெகசியோடு நின்றுகொள்ளுங்கள். என்ஹான்ஸ்டுக்கு எஸ்எஸ்டி கட்டாயம்.

உள்ளே பேச்சு முழுக்க ஆங்கிலம்தான். தமிழ் சப்டைட்டில் கிடையாது. அட்டையில் 18 என்று போட்டிருப்பது சும்மா இல்லை. கெட்ட வார்த்தையை அணைத்து வைக்க எந்த வசதியும் விளையாட்டுக்குள் இல்லை. டிவி ஹாலில் இருந்தால் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள். பாட்டிக்கு ஆங்கிலம் புரியாவிட்டாலும் தொனி புரியும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் அதே கன்சோலைத் தொடுவார்கள் என்றால் அவர்களுக்குத் தனிக் கணக்கு போட்டு, வயது வரம்பு வைத்து, உங்கள் கணக்குக்கு நான்கு இலக்கக் கடவுச்சொல் போட்டுவிடுங்கள். தனிக் கணக்கால் இன்னொரு லாபம்: தம்பி வந்து உங்கள் சேவ் கோப்பு மேல் தன்னுடையதை எழுதிவிட முடியாது.

இறக்கும் கணக்கு

பதிப்பைப் பொறுத்து 90 முதல் 120 ஜிபி வரை ஆகும். இறக்கிய பிறகு விரிக்கவும் இடம் வேண்டும்; 150 ஜிபி காலி வைத்துக்கொள்ளுங்கள். 100 ஜிபி என்று வைத்துக் கணக்குப் போட்டால், 25 எம்பிபிஎஸ் ஃபைபரில் கிட்டத்தட்ட 9 மணி நேரம், 50இல் நாலரை மணி நேரம், 10 எம்பிபிஎஸ் மொபைல் ரவுட்டரில் 22 மணி நேரத்துக்கு மேல். இது லைன் முழு வேகத்தில் ஓடினால் மட்டும். மொபைல் டேட்டாவில் இறக்குகிறவர்கள் டேட்டா பண்டிலின் அளவை முதலில் பாருங்கள். இரவு டேட்டா தனியாக இருந்தால் அதில் ஓடவிடுங்கள்.

ஸ்டீமில் இறக்கினால் செட்டிங்ஸ், டவுன்லோட்ஸ் போய் இறக்கும் இடம் ஜோஹன்னஸ்பர்க் என்று இருக்கிறதா என்று பாருங்கள். விபிஎன் பயன்படுத்தியவர்களுக்கு அது ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டு நிற்கும், வேகம் பாதியாகும். காரணம் தெரியாமல் ஃபைபர்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

நடுவில் கரண்ட் போனால் பயமில்லை. ஸ்டீமும் கன்சோலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் கன்சோலில் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இறக்கினால், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது அந்த டிஸ்க்கையே கெடுக்கலாம். முதலில் உள் டிஸ்க்கில் இறக்கி, பிறகு நகர்த்துங்கள்.

கரண்ட் போனால் என்ன போகும்

2023 அளவுக்கு லோட் ஷெட்டிங், அதாவது முறை வைத்துக் கரண்ட் வெட்டுவது, இப்போது இல்லைதான். ஆனாலும் 2025இன் தொடக்கத்தில்கூடத் திடீரென்று வந்துவிட்டுப் போனது. அது இல்லாத நாளில் கேபிள் திருட்டு, டிரான்ஸ்ஃபார்மர் டிரிப். அதனால் இந்த விளையாட்டு எப்படி சேவ் செய்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

மிஷன் முடிந்தவுடன் தானாக சேவ் ஆகும். மிஷன் நடுவில் செக்பாயிண்ட் உண்டு. நீங்கள் செத்தால் அங்கிருந்து தொடரலாம். அந்த செக்பாயிண்ட் டிஸ்க்கில் எழுதப்படுவதில்லை. கரண்ட் போய் வந்தால் மிஷனின் முதல் வரியிலிருந்து மறுபடி. மிஷன் இல்லாத நேரத்தில் ஃபோனை எடுத்தால் க்விக் சேவ் இருக்கிறது. கட்டிலில் படுத்தாலும் சேவ் ஆகும். கட்டிலில் படுத்தால் நேரமும் ஓடும். கதையில் நீங்கள் மாற்றி மாற்றி ஆடும் மூன்று ஆட்களுக்கும் அது வேறு வேறு: மைக்கேல் 6 மணி நேரம், ஃபிராங்க்ளின் 8, டிரெவர் 12. இந்த மூன்று எண்களை நினைவில் வையுங்கள், விளையாட்டுக்குள் இருக்கும் பங்குச் சந்தைக்கு வரும்போது வேலை செய்யும்.

ஆகவே நடைமுறை இதுதான். கரண்ட் வெட்டு நேரம் காட்டும் எஸ்கம்செபுஷ் செயலியில் உங்கள் பகுதியைப் போட்டு வையுங்கள். கரண்ட் போக அரை மணி நேரத்துக்குள் இருந்தால் புது மிஷன் தொடங்காதீர்கள். சும்மா ஊர் சுற்றுங்கள், துணி வாங்குங்கள், சுடப் பழகுங்கள். பெரிய கொள்ளை மிஷன் என்றால் ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். சேவ் செய்யும்போது ஒரே இடத்தில் மேலே மேலே எழுதாமல் இரண்டு இடங்களை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். எழுதும் நொடியில் கரண்ட் போய் ஒன்று கெட்டாலும் மற்றது இருக்கும்.

கம்ப்யூட்டரில் சேவ் கோப்புகள் டாக்குமென்ட்ஸ் உள்ளே ராக்ஸ்டார் கேம்ஸ், அதனுள் ஜிடிஏ 5, அதனுள் ப்ரொஃபைல்ஸ் என்ற இடத்தில் கிடக்கும். வாரம் ஒரு தடவை அந்த ஃபோல்டரை அப்படியே யுஎஸ்பியில் நகல் எடுங்கள். நெட் இல்லாமல் விளையாடிவிட்டு லைன் வந்ததும், கிளவுடில் உள்ள சேவ் கோப்பா கம்ப்யூட்டரில் உள்ளதா, எது வேண்டும் என்று ராக்ஸ்டார் லாஞ்சர் கேட்கும். தேதியைப் பார்த்து, புதியதைத் தேர்ந்தெடுங்கள். அவசரத்தில் கிளவுட் என்று அமுக்கினால் இரண்டு நாள் உழைப்பு போய்விடும்.

இன்வெர்ட்டர் வைத்து விளையாட நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிஎஸ்5 விளையாடும்போது சுமார் 200 வாட், 43 அங்குல எல்இடி டிவி சுமார் 80, ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்த்து 15 முதல் 20. மொத்தம் 300 வாட் என்று வையுங்கள். 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1200 வாட்-மணி இருக்கிறது. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, அதாவது 600. இன்வெர்ட்டர் இழப்பு போக 520 மிஞ்சும். ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. இங்கே ஒரு வெட்டு என்பது பெரும்பாலும் 2 மணி நேரம், மாற்றிப் போட இன்னும் அரை மணி. ஆக அந்த பேட்டரி பிஎஸ்5க்குப் போதாது. அதே அளவு லித்தியம் என்றால் 80 சதவீதம் வரை இறக்கலாம். 2 மணி 45 நிமிஷம் கிடைக்கும். பிஎஸ்4 ஸ்லிம் அல்லது எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் 100 வாட்டுக்குள் அடங்கும். மொத்தச் சுமை 200க்குள் வந்துவிடுவதால் ஈய-அமில பேட்டரியிலேயே இரண்டரை மணி நேரம் ஓட்டலாம். லோட் ஷெட்டிங் ஊரில் சின்னக் கன்சோல்தான் புத்திசாலித்தனம்.

650 விஏ சின்ன யுபிஎஸ் பெட்டிக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி, அதாவது 84 வாட்-மணி. அது விளையாட இல்லை. ஃபோனை எடுத்து க்விக் சேவ் போட்டு அணைக்கக் கிடைக்கும் சில நிமிஷங்களுக்குத்தான். அந்த வேலைக்கு அது நல்ல சாமான். இன்வெர்ட்டர் வாங்கும்போது ப்யூர் சைன் வேவ் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மாடிஃபைடு வகை மலிவு, ஆனால் கம்ப்யூட்டர் பவர் சப்ளைகள் பல அதில் ரீங்காரமிடும், சில எடுத்துக்கொள்ளவே செய்யாது. கரண்ட் திரும்பி வரும் நொடியில்தான் வோல்டேஜ் எகிறும். ஆகவே கரண்ட் போனதும் பிளக் ஸ்விட்சை அணைத்து, வந்து ஐந்து நிமிஷம் கழித்துப் போடுங்கள். ரெஸ்ட் மோடில் கன்சோலை விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள்.

கடற்கரை ஊர் என்பதால் இன்னொன்று: கோடையில் புழுக்கம், உப்புக் காற்று, கரப்பான். கன்சோலை மூடிய மர அலமாரிக்குள் வைத்தால் அது கரப்பானுக்கு வெதுவெதுப்பான வீடு. நாலு பக்கமும் ஒரு சாண் இடம் விட்டுத் திறந்த தட்டில் வையுங்கள்.

தொடங்கியதும் மாற்ற வேண்டியவை

முதல் மிஷன் நார்த் யாங்டன் பனியில் நடக்கும் வங்கிக் கொள்ளை. அது முடியும் வரை ஒன்றும் பெரிதாக மாற்ற முடியாது, சொன்னதைச் செய்யுங்கள். கதை நடக்கும் நகரமான லாஸ் சாண்டோஸ் வந்து சேர்ந்ததும் பாஸ் செய்து செட்டிங்ஸ் போங்கள்.

சப்டைட்டில் போட்டுவிடுங்கள். ஃபிராங்க்ளினின் நண்பன் லமார் பேசும் ஆங்கிலம் நாம் பள்ளியில் படித்த ஆங்கிலமும் இல்லை, டர்பன் தெருவில் பேசும் ஆங்கிலமும் இல்லை. கதையில் பாதி, காரில் போகும்போது நடக்கும் பேச்சில்தான் இருக்கிறது. வேகமாகப் போய்ச் சேர்ந்தால் பேச்சு நடுவில் அறுந்துவிடும். எனவே மிஷனுக்குப் போகும் வழியில் மெதுவாக ஓட்டுங்கள். யாரும் துரத்தாதவரை அவசரம் எதுவும் இல்லை.

குறிவைப்பு நான்கு வகை. கன்ட்ரோலரில் புதியவர் என்றால் முழு உதவி உள்ளதை விட்டுவைக்கலாம். எல்2 அமுக்கினால் அருகில் உள்ளவன் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும். கொஞ்சம் பழகியபின் பகுதி உதவிக்கு மாறுங்கள். முழு உதவியோடு கடைசிவரை போனால் துப்பாக்கிச் சண்டை எல்லாம் பொத்தான் அமுக்கும் வேலையாகச் சுருங்கிவிடும். எளிதில் சலிக்கும்.

பிஎஸ்5இல் படத் தேர்வு மூன்று: ஃபிடெலிட்டி நொடிக்கு 30 படம், பெர்ஃபார்மன்ஸ் 60, பெர்ஃபார்மன்ஸ் ஆர்டி ரே டிரேசிங்கோடு 60. கார் ஓட்டும் விளையாட்டில் 30 வேண்டாம். கம்ப்யூட்டரில் திணறினால் முதலில் புல்லின் தரத்தைக் குறையுங்கள். நகரத்துக்குள் ஒன்றும் தெரியாது, மலைப்பக்கம் போகும்போதுதான் அது கார்டைப் பிழிந்துவிடும். பிறகு விளிம்புகளை வழவழப்பாக்கும் எம்எஸ்ஏஏவை அணைத்து, அதே வேலையை லேசாகச் செய்யும் எஃப்எக்ஸ்ஏஏ போடுங்கள். அதற்கும் மேல் திணறினால் கூட்டத்தின் அடர்த்தியையும் தூரக் காட்சியையும் குறையுங்கள், அவை பிராசஸரைத் தின்பவை. டெக்ஸ்சரைக் குறைப்பது கடைசி வழி. கம்ப்யூட்டரில் ஓட்ட கன்ட்ரோலரும் சுட மவுஸும் வைத்துக்கொண்டால் சுகம். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கும்.

ஓட்டுவது

நம்மூரில் இடப்பக்கம், லாஸ் சாண்டோஸில் வலப்பக்கம். முதல் ஒரு மணி நேரத்தில் நடக்கும் மோதல்களில் பாதி இதனால்தான், குறிப்பாக இடப்பக்கம் திரும்பும்போது. ஹிக்கின்சன் ஹைவேயில் ஓட்டுகிற கை தானாக எதிர்த் தடத்துக்குப் போகும். திரும்பிய பிறகு மேப்பில் வரும் கோட்டைப் பார்க்காமல் முன்னால் போகும் காரின் பின்னால் போங்கள். மஞ்சள் கோடு மிஷன் வழி, ஊதா நீங்களே குறித்த இடம்.

சிவப்பு ரோபோவில் (சிக்னலில்) நிற்க வேண்டியதில்லை. போலீஸ் பக்கத்தில் நின்றாலும் அதற்கு ஸ்டார், அதாவது போலீஸ் தேடும் அளவைக் காட்டும் குறி, வராது. போலீஸ் காரை உரசினால், ஆளை இடித்தால், அவர்கள் கண்முன் கார் திருடினால் வரும்.

கார்கள் உண்மையில் உள்ளதைவிட நன்றாகப் பிடித்து நிற்கும். கைப்பிரேக்கை வளைவுக்குள் நுழையும்போது ஒரு தட்டு தட்டி விடுங்கள். பிடித்தே இருந்தால் சுழன்றுவிடும். பக்கிகளும் (பிக்கப் வண்டிகளும்) எஸ்யூவிகளும் வளைவில் கவிழும். காற்றில் பறக்கும்போது காரை ஸ்டிக்கால் திருப்பிச் சமன் செய்யலாம். கவிழ்ந்து கிடந்தாலும் ஸ்டிக்கை ஆட்டி நிமிர்த்தலாம்.

தெருவில் திருடிய காருக்குக் காசு செலவழிக்காதீர்கள். அது எந்த மிஷனிலாவது காணாமல் போகும். ஃபிராங்க்ளினின் வெள்ளை பஃபலோ, மைக்கேலின் டெயில்கேட்டர், டிரெவரின் போதி பக்கி, இவை மூன்றும் எங்கே விட்டாலும் எரித்தாலும் வீட்டுக்குத் திரும்பி வந்துவிடும். லாஸ் சாண்டோஸ் கஸ்டம்ஸ் பட்டறையில் பிரேக், இன்ஜின், டயர் போடுவது என்றால் இவற்றுக்கு மட்டும். முதலில் பிரேக்; இன்ஜின் அல்ல.

போலீஸ்

ஐந்து ஸ்டார் வரை உண்டு. மேப்பில் ஒவ்வொரு போலீஸின் முன்னாலும் நீலக் கூம்பு தெரியும், அதுதான் அவர் பார்வை. எல்லோர் பார்வையிலிருந்தும் விலகியதும் ஸ்டார் மின்னத் தொடங்கும். மின்னி முடியும்வரை எந்தக் கூம்புக்குள்ளும் மாட்டாமல் இருந்தால் தப்பித்தீர்கள். புதியவர்கள் செய்வது, ஹைவே பிடித்து நேராக ஓடுவது. அப்படி ஓடினால் முன்னாலிருந்து புது போலீஸ் கார்கள் வந்துகொண்டே இருக்கும். இரண்டு வளைவு திரும்பிச் சந்துக்குள், பார்க்கிங் மாடிக்குள், சுரங்கப் பாதைக்குள் போய் நில்லுங்கள். மறைவில் காரை மாற்றினால் இன்னும் நல்லது. மூன்று ஸ்டாரில் ஹெலிகாப்டர் வரும். அதற்குத் தலைக்கு மேல் கூரை வேண்டும்.

ஃபோர்ட் ஸான்கூடோ ராணுவ முகாமுக்குள் எட்டிப் பார்த்தாலே நாலு ஸ்டார். மேப் முழுக்க முதல் நாளிலிருந்தே திறந்திருப்பதால் பலர் ஆர்வத்தில் அங்கே போய் டாங்க் குண்டு வாங்குகிறார்கள். ஆர்வம் இருந்தால் போங்கள், அதற்கு முன் க்விக் சேவ் போடுங்கள்.

உயிர்க் கோடு பச்சை, கவசம் நீலம், தனித் திறன் மஞ்சள். பச்சை தானாகப் பாதிவரைதான் ஏறும். மீதிக்கு குளிர்பான இயந்திரத்தில் ஒன்று வாங்கிக் குடிக்க வேண்டும். சண்டை வரும் மிஷனுக்கு முன் அம்யூனேஷன் துப்பாக்கிக் கடையில் கவசம் வாங்கிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் துப்பாக்கியைவிட அதுதான் காசுக்கு மதிப்பு.

மூன்று ஆட்கள்

ஃபிராங்க்ளின் ஓட்டும்போது நேரத்தை மெதுவாக்குவான். மைக்கேல் சுடும்போது மெதுவாக்குவார். டிரெவருக்கு வெறி, அடி குறைவாக வாங்கி அதிகமாகக் கொடுப்பார். இந்தத் தனித் திறனுக்குக் கன்ட்ரோலரில் இரண்டு ஸ்டிக்கையும் சேர்த்து அமுக்க வேண்டும். கம்ப்யூட்டரில் கேப்ஸ் லாக். பலர் இதை மறந்தே போகிறார்கள். ஃபிராங்க்ளினின் மஞ்சள் கோடு முழு வேகத்தில் ஓட்டினாலும் எதிர் வண்டியை உரசாமல் தப்பினாலும் மீண்டும் நிறையும், எனவே சேமித்து வைக்காமல் ஒவ்வொரு வளைவுக்கும் செலவழிக்கலாம்.

மேப்பில் எழுத்து நீலம் என்றால் மைக்கேல், பச்சை ஃபிராங்க்ளின், ஆரஞ்சு டிரெவர். தெருவோரம் உதவி கேட்கிறவர்கள் சிலர் வெறும் ஏமாற்று, சிலர் பின்னால் கொள்ளைக் கூட்டாளி ஆவார்கள். பாக்கி மக்ரியரி, தலியானா மார்ட்டினெஸ் இருவரும் அப்படிக் கிடைப்பவர்கள்தான். பெரிய திறமை, குறைந்த பங்கு. ஆகையால் வழியில் யாராவது கத்தினால் நின்று பாருங்கள்.

மிஷன் முடிவில் வெள்ளி, வெண்கலம் வந்தால் கவலைப்படாதீர்கள். தங்கத்துக்கான நிபந்தனைகளை முடிந்த பிறகுதான் காட்டும். பாஸ் மெனுவில் எந்த மிஷனையும் மறுபடி விளையாடலாம். மூன்று தடவை தோற்றால் அந்தப் பகுதியைத் தாண்டவும் விடும்.

நகைக்கடை

முதல் பெரிய கொள்ளை. மார்ட்டின் மட்ராசோ என்ற கடத்தல் தலைவனுக்கு மைக்கேல் 25 லட்சம் டாலர் கடன்பட்டதால் வருவது. கொள்ளைகளுக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கும் லெஸ்டர் இரண்டு வழி சொல்வார்: மயக்க வாயு, அல்லது நேராகத் துப்பாக்கியோடு நுழைவது. வாயுத் திட்டத்தை எடுங்கள். முன்தயாரிப்பு ஒரு வேலை கூடும், ஆனால் கடைக்குள் யாரும் எதிர்க்க மாட்டார்கள். முழுக் கவனத்தையும் கண்ணாடிப் பெட்டிகள் மேல் வைக்கலாம்.

ஆள் எடுப்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கொள்ளையில் சதவீதப் பங்கு. திறமை கூடினால் பங்கும் கூடும். ஹேக்கர்தான் அலாரம் அடிக்கும் முன் எத்தனை நொடி கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பவர். பெய்ஜ் ஹாரிஸ் விலை அதிகம், நேரமும் அதிகம். முதல் தடவை விளையாடுகிறவர் எல்லாப் பெட்டியையும் உடைக்க அவர் வேண்டும். துப்பாக்கி ஆளுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. மலிவான நார்ம் ரிச்சர்ட்ஸ் தப்பி ஓடும் வழியில் பைக்கோடு விழுந்து சாவார். அவர் பை தரையில் கிடக்கும், ஃபிராங்க்ளினாக அதன் மேல் ஓட்டிப் போனால் எடுத்துக்கொள்ளலாம். எடுக்காமல் போனால் அந்தப் பணமும் போயிற்று. ஓட்டுநரில் கரீம் டென்ஸ் மலிவு, கொண்டுவரும் பைக் மெதுவானது, ஆனால் சமாளிக்கலாம். உயிரோடு திரும்பும் கூட்டாளியின் திறமை ஏறும், பங்கு ஏறாது. கரீமை இங்கே பழக்கினால் பின்னால் ஒரு கொள்ளையில் பலன் தெரியும்.

பெட்டிகளை உடைக்கும்போது வட்டமாகப் போங்கள், குறுக்கே ஓடாதீர்கள். நேரம் போவது உடைப்பதில் இல்லை, நடப்பதில்தான்.

டிரெவர் வந்ததும்

நகைக்கடைக்குப் பிறகு கதை பாலைவனத்துக்குத் தாவும். அங்கிருந்து சில மிஷன்களுக்கு, ஃப்ரெண்ட்ஸ் ரீயூனைட்டட் முடியும்வரை, மைக்கேலும் ஃபிராங்க்ளினும் பூட்டப்பட்டிருப்பார்கள். கார் காணவில்லை, ஆளை மாற்ற முடியவில்லை, சேவ் கெட்டுவிட்டதா என்று பதறுவது இங்கேதான். கெடவில்லை. ஃபிராங்க்ளினை வைத்துச் செய்ய நினைத்த வேலை இருந்தால் நகைக்கடைக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விளையாட்டு பிடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்ய இதுதான் சரியான இடம். அதற்கு முன் மைக்கேல் வீட்டுச் சண்டையைப் பார்த்தே சலித்து நிறுத்தியவர்கள் உண்டு. டிரெவர் வரவு கொடூரமானது. அதற்கும் பிறகு பை தி புக் என்ற மிஷனில் ஒருவரைச் சித்திரவதை செய்யும் பொத்தான்களை விளையாடுகிறவரே அமுக்க வேண்டும். அந்த இரவு ஹாலில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லெஸ்டரின் கொலைகளும் பங்குச் சந்தையும்

டிரெவர் மற்ற இருவரோடு சேர்ந்த சில மிஷன்களில் லெஸ்டர் ஃபிராங்க்ளினுக்குக் கொலை வேலை கொடுக்கத் தொடங்குவார். மொத்தம் ஐந்து. முதலாவதான ஹோட்டல் கொலை கட்டாயம்; அதைச் செய்யாமல் கதை நகராது. மற்ற நான்கும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், அதாவது கதை முடியும்வரை விட்டுவைக்கலாம். விட்டுவைக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு கொலையும் ஒரு கம்பெனியின் பங்கை ஏற்றி இன்னொன்றை இறக்கும். போட்ட பணத்துக்குத் தகுந்த லாபம். இப்போது கையில் சில ஆயிரம். கடைசிக் கொள்ளைக்குப் பிறகு ஒவ்வொருவரிடமும் கோடிக்கணக்கில். மேப்பில் எல் எழுத்து மின்னுகிறதே என்று இப்போதே முடித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு திரும்ப வராது.

சந்தை இரண்டு: எல்சிஎன், பாசாக். எல்சிஎன் உங்கள் விளையாட்டுக்குள்ளேயே இயங்குவது. பாசாக் ராக்ஸ்டார் சர்வரோடு இணைந்தது, நெட் இல்லாவிட்டால் திறக்காது. கரண்ட் போய் டவர் பேட்டரியும் இறங்கிய இரவில் பாசாக் பக்கம் போக முடியாது; அந்த வேலையை லைன் உள்ள நாளுக்கு வையுங்கள்.

ஹோட்டல் கொலைக்கு முன் தனி இடத்தில் ஒரு சேவ். பிறகு மூவரின் பணத்தையும் பாசாக்கில் பெட்டா ஃபார்மசூட்டிகல்ஸில் போடுங்கள். ஆளை மாற்றி மாற்றி ஒவ்வொருவர் ஃபோனிலும் தனித்தனியாக வாங்க வேண்டும். கொலை முடிந்ததும் போர்ட்ஃபோலியோவைப் பாருங்கள். 50 முதல் 80 சதவீதத்துக்குள் ஏறி நிற்கும்போது விற்றுவிடுங்கள். அப்போது எல்சிஎன்னில் பில்கின்டன் தரைமட்டத்தில் கிடக்கும். எல்லாவற்றையும் அதில் போட்டு, கட்டிலில் படுத்து எழுங்கள். ஒவ்வொரு தடவையும் விலையைப் பாருங்கள். டிரெவராகப் படுத்தால் ஒரே தூக்கத்தில் அரை நாள் போய்விடும். சில நாளில் கிட்டத்தட்ட இரட்டிப்பு ஆகும். பாசாக் திறக்கவே இல்லை என்றால் முதல் பாதியை விட்டுவிட்டு பில்கின்டனை மட்டுமாவது செய்யுங்கள், அது எல்சிஎன் என்பதால் நெட் வேண்டாம்.

மற்ற நான்குக்கும் இதைக் குறித்து வையுங்கள், கதை முடிந்த பிறகு தேவைப்படும். இரண்டாவது கொலைக்கு முன் எல்சிஎன்னில் டெபொனேர், சுமார் 80 சதவீதம். முடிந்ததும் விழுந்து கிடக்கும் ரெட்வுட், எல்சிஎன்தான், சுமார் 300 சதவீதம். மூன்றாவதற்கு முன் பாசாக்கில் ஃப்ரூட், பிறகு பாசாக்கிலேயே ஃபசாட். நான்காவதான பஸ் கொலைக்கு முன் எதுவும் வேண்டாம். முடிந்ததும் பாசாக்கில் வாப்பிட். ஐந்தாவதற்கு முன் எல்சிஎன்னில் கோல்ட்கோஸ்ட். ஒழுங்காகச் செய்தால் ஒருவர் கையிலேயே 200 கோடி டாலரைத் தாண்டும். 2,147,483,647க்கு மேல் எண் ஏறாது, கணக்கு வைக்கும் முறையின் எல்லை அது.

அதுவரை சொத்து வாங்காதீர்கள். வாராந்திர வருமானம் என்று ஆசை காட்டும், போட்ட காசு திரும்ப மாதக்கணக்கு ஆகும். கோல்ஃப் கிளப்பின் விலை 15 கோடி டாலர். அதெல்லாம் ரெட்வுட்டை விற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம். கைச்செலவுக்குத் தெருவில் வரும் பணவண்டியின் பின்கதவை வெடித்துத் திறந்தால் சில ஆயிரம் கிடைக்கும். போலீஸ் வரும், சந்து எங்கே என்று முதலில் பார்த்து வையுங்கள்.